சத்தமில்லாமல் விரியும் பெருநாடி

இருதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருநாடி, உடலிலுள்ள இரத்தக்குழாய்களில் மிகப் பெரியது. புறப்பட்டதும் அது நெஞ்செலும்புக்குப் பின்னால் மேலேறுகிறது. கழுத்தடிக்கு வந்ததும் இடப்பக்கமாகப் பின்னோக்கி வளைகிறது. பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, பிரிமென்றகட்டைக் கடந்து வயிற்றுக்குள் போகிறது. பிரிமென்றகட்டுக்கு மேலேயுள்ள பகுதிதான் நெஞ்சறைப் பெருநாடி. வால்வை ஒட்டிய வேர்ப்பகுதி, ஏறு பெருநாடி, வளைவு, இறங்கு பெருநாடி என்று வைத்தியர்கள் அதை நான்காகப் பிரித்துப் பேசுவார்கள். இருதயத்தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் வேரிலிருந்தும், தலைக்கும் கைகளுக்கும் போகும் நாடிகள் வளைவிலிருந்தும் கிளைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் ஏறு பெருநாடி 3 முதல் 3.5 சென்ரிமீற்றர் வரை விட்டமுடையது. இறங்கு பகுதி ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். ஓரிடத்தில் அந்த அளவு ஒன்றரை மடங்காகிவிட்டால் அது அனியூரிசம், அதாவது பெருநாடி வீக்கம்.

வீக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் எழுகிற வலியோ காய்ச்சலோ இதில் இல்லை. பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், படியேறுகிறார்கள், பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். பெருநாடி மட்டும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் விரிந்துகொண்டே போகிறது. பிறகு ஏதோ ஒரு நாளில் சுவர் கிழிந்தால், மீதியெல்லாம் சில மணித்தியாலங்களில் நடந்து முடிந்துவிடும். ஆண்டுகளாக நீளும் அந்த அமைதியான காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டவருக்குச் செய்யக்கூடியது ஏராளம். கிழிந்த பிறகு வருகிறவருக்கு வாய்ப்புக் குறைவு. இந்த நோயைப் பற்றிய மருத்துவ அறிவு முழுவதும் இந்த வித்தியாசத்தைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது.

பெருநாடியின் சுவர் சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பானது; மூன்று படைகளால் ஆனது. உள்ளே மெல்லிய சவ்வு, வெளியே நார்ப்படை, நடுவே தசைக் கலங்களும் எலாஸ்ரின் என்ற மீள்நார்த் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்ட தடித்த படை. நெஞ்சறைப் பகுதியில் இந்தத் தகடுகள் ஏறத்தாழ 50 இருக்கும். இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பாயும்போது பெருநாடி சற்று விரிந்து, பிறகு சுருங்கி, இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இந்த மீள்தன்மையைக் கொடுக்கும் எலாஸ்ரினை உடல் பெரும்பாலும் பிறப்புக்கு முன்னும் குழந்தைப் பருவத்திலுமே உற்பத்தி செய்கிறது. பிற்காலத்தில் அது சிதைந்தால் அதே தரத்தில் திரும்பக் கட்டப்படுவதில்லை. சைக்கிள் டயரின் உள்நூல் தேய்ந்த இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு வருவதைப் போல, நடுப்படை சிதைந்த இடத்தில் நாடி வெளியே தள்ளத் தொடங்குகிறது.

தொடங்கியது தானாக நிற்பது அரிது. அதற்குக் காரணம் ஓர் எளிய பௌதிக விதி. குழாயின் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை, உள்ளேயுள்ள அமுக்கத்தோடும் குழாயின் ஆரையோடும் சேர்ந்து கூடும். சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். ஆகவே விரிந்த நாடி அதே இரத்த அமுக்கத்தில் முன்னைவிட அதிக இழுவிசையைத் தாங்கவேண்டியிருக்கிறது; அதனால் இன்னும் விரிகிறது, மெலிகிறது. ஏறு பெருநாடியில் இது மெதுவாக நடக்கும்; இறங்கு பெருநாடியில் வேகம் கூட. சிறிய வீக்கம் மெதுவாகவும் பெரிய வீக்கம் விரைவாகவும் வளரும்.

நடுப்படை ஏன் சிதைகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. வீக்கம் இருக்கும் இடம் பல நேரங்களில் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இறங்கு பெருநாடியில் வருவது பெரும்பாலும் வயதானோரின் நோய். நீண்டநாள் பிரஷர், புகைத்தல், நாடிச் சுவரில் படியும் கொழுப்பு ஆகியவை அதற்குப் பின்னால் இருக்கும். இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அமுக்கம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாது. கொழும்பில் ‘ஐஸ்’ என்ற பெயரில் பரவியிருக்கும் மெத்தம்பெட்டமைனும், கொக்கெயினும் இரத்த அமுக்கத்தைத் திடீரென்று உயர்த்துபவை. இளம் வயதில் பெருநாடி கிழிந்து வருகிறவர்களிடம் உலகெங்கும் வைத்தியர்கள் இவற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

வேரிலும் ஏறு பெருநாடியிலும் வரும் வீக்கத்தின் கதை வேறு. அங்கே பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1896இல் பிரெஞ்சு குழந்தை வைத்தியர் அன்ரோயின் மார்பன் விவரித்த மார்பன் நோய் இதில் முதன்மையானது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. வழக்கத்துக்கு மீறிய உயரம், நீண்ட கைகால்களும் விரல்களும், வளைந்த முதுகு, உட்குழிந்த அல்லது முன்தள்ளிய நெஞ்சு, இளவயதிலேயே தடித்த கண்ணாடி, கண்வில்லை இடம்பெயர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். எலாஸ்ரின் நார்களுக்குச் சட்டமாக இருக்கும் பிப்ரிலின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு இருப்பது 1991இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பன் நோயாளர்கள் சராசரியாக 32 வயதில் இறந்திருந்தார்கள், அநேகமாகப் பெருநாடியால். இன்று முறையாகக் கண்காணிக்கப்பட்டுச் சிகிச்சை பெறுகிறவர்கள் எழுபது வயதை நெருங்கி வாழ்கிறார்கள். ஒரு நோயின் ஆயுட்கணக்கை இவ்வளவு மாற்றிய சிகிச்சைகள் மருத்துவத்தில் அதிகமில்லை.

மார்பனைவிடக் கொடிய லோய்ஸ்-டீற்ஸ் நோய் 2005இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதில் சிறிய அளவிலேயே பெருநாடி கிழியலாம். இன்னொரு காரணம் இவற்றைவிட மிகப் பரவலானது. பெருநாடி வால்வு மூன்று இதழ்களுடன் இருக்கவேண்டியது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவர் இரண்டு இதழ்களுடன் பிறக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏறு பெருநாடி விரிகிறது. வெளித்தோற்றத்தில் எந்த அடையாளமும் இல்லாதவர்களிலும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்த வீக்கம் இருப்பது தெரியவந்திருக்கிறது. “அப்பா நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஹார்ட் அட்டாக் என்றார்கள்” என்று குடும்பங்களில் சொல்லப்படும் கதைகளில் சிலவற்றின் உண்மையான காரணம் பெருநாடியாக இருக்கலாம்.

ஆசியாவில் தனியாகக் கவனிக்கவேண்டியது தகயாசு நோய். 1908இல் ஜப்பானிய கண்வைத்தியர் மிகித்தோ தகயாசு விவரித்த இந்த நாடி அழற்சி, பெரும்பாலும் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களைத் தாக்குகிறது. கையில் நாடித்துடிப்பு அகப்படாமல் போவது, இரண்டு கைகளிலும் இரத்த அமுக்கம் வேறுபடுவது, காரணமில்லாத காய்ச்சலும் களைப்பும் இதன் தொடக்கம். நாடிகள் ஒடுங்குவதே இதில் அதிகம். சிலருக்குப் பெருநாடி வீங்கவும் செய்யும். அழற்சியை ஸ்டீரொயிட் முதலிய மருந்துகளால் அடக்கிய பிறகே சத்திரசிகிச்சை பாதுகாப்பானது. சிபிலிஸ் ஒரு காலத்தில் ஏறு பெருநாடி வீக்கத்தின் பெரிய காரணமாக இருந்தது. பெனிசிலின் வந்ததோடு அது அருகிவிட்டது. வீதி விபத்தில் நெஞ்சு பலமாக மோதுண்டால், வளைவு முடிந்து இறங்கு பகுதி தொடங்கும் இடத்தில் நாடி கிழிந்து, பின்னாளில் அங்கே வீக்கம் உருவாவதும் உண்டு.

வீக்கம் பெரிதாகி அக்கம்பக்கத்து உறுப்புகளை அழுத்தும்போதுதான் சில அறிகுறிகள் தெரியவரும். குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு பெருநாடி வளைவின் கீழே சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அது நசுங்கினால் குரல் கரகரக்கும். கொத்தமல்லி அவித்துக் குடித்தும் மூன்று வாரங்களில் தெளியாத குரலடைப்பைக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதற்குள்ள பல காரணங்களில் இதுவும் ஒன்று. உணவுக்குழாய் அழுந்தினால் விழுங்கக் கஷ்டம். மூச்சுக்குழாய் அழுந்தினால் இருமலும் இழுப்பும். வேர் விரிந்து வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேரமுடியாமல் போனால் இரத்தம் இருதயத்துக்குள் திரும்பி ஒழுகும். அப்போது நடந்தாலே மூச்சு வாங்கும்.

இருந்தாலும், பலருக்கு இது தற்செயலாகவே கண்டுபிடிக்கப்படுகிறது: சளிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் அகன்று தெரிவதாலோ, வேறு காரணத்துக்கு எடுத்த சி.டி. ஸ்கேனிலோ. எக்ஸ்ரே சரியாக இருந்தால் வீக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. எக்கோ ஸ்கேன் வேர்ப்பகுதியையும் ஏறு பெருநாடியின் தொடக்கத்தையும் நன்றாகக் காட்டும், கதிர்வீச்சும் இல்லை. வளைவையும் இறங்கு பகுதியையும் முழுமையாகப் பார்க்க, சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாய ஊசிக்கு முன் அதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளப்பது முக்கியம். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் அளக்கும் முறையாலும் வரக்கூடியது. அதனால் பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்தி வைப்பவர்கள் வைத்தியருக்குப் பெரிய உதவி செய்கிறார்கள். முதல் ஸ்கேனுக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் இன்னொன்று எடுத்து, மாற்றமில்லை என்றால் இடைவெளியை நீட்டுவார்கள்.

எந்த அளவில் சத்திரசிகிச்சை செய்வது என்பதுதான் இந்த நோயில் நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட கேள்வி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் எலெப்தீரியாடெஸ் குழுவினர் நூற்றுக்கணக்கான நோயாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஏறு பெருநாடி 6 சென்ரிமீற்றரையும் இறங்கு பெருநாடி 7 சென்ரிமீற்றரையும் அடையும்போது கிழியும் ஆபத்து திடீரென்று உயர்வதை அவர்கள் கண்டார்கள். 6 சென்ரிமீற்றரைத் தாண்டியவர்களில் கிழிதல், வெடித்தல், மரணம் ஆகியவற்றில் ஏதாவதொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சதவீதமானோருக்கு நேர்ந்தது. அந்த எல்லைக்குப் போவதற்கு முன்பே தலையிடவேண்டும் என்பதால் 5.5 சென்ரிமீற்றர் பொது வரம்பாயிற்று. அனுபவமுள்ள குழுக்கள் 5 சென்ரிமீற்றரிலேயே செய்யலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல். மார்பன் நோயில் 5, குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் 4.5, லோய்ஸ்-டீற்ஸ் நோயில் 4.5 அல்லது அதற்கும் முன்னரே. அளவு எதுவானாலும், ஓராண்டில் 5 மில்லிமீற்றர் வளர்ந்தால், அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 3 மில்லிமீற்றர் வளர்ந்தால், காத்திருப்பதில்லை.

இந்த எண்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டவர்களின் உடல்களிலிருந்து கிடைத்தவை. இலங்கையின் சராசரிப் பெண்ணுக்கு அதே வரம்பு பொருந்துமா என்று கேட்பது நியாயம். அதற்காகவே, பெருநாடியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர சென்ரிமீற்றரில் கணக்கிட்டு, ஆளின் உயரத்தால் மீற்றரில் பிரிக்கும் முறை வந்தது. விடை 10ஐ எட்டினால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். 4.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெருநாடியை எடுத்துக்கொண்டால், 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு அந்த விகிதம் 10ஐத் தாண்டிவிடுகிறது. 180 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆணுக்கு 9ஐக்கூட எட்டுவதில்லை. குள்ளமானவர்களின் ஸ்கேன் அறிக்கையில் உயரத்தையும் பார்க்கும்படி கேட்பதில் தவறில்லை. வரம்பு என்பது பாதுகாப்பின் எல்லையும் அல்ல: பெருநாடி கிழிந்து வந்தவர்களின் சர்வதேசப் பதிவேட்டில், பாதிக்கு மேற்பட்டோரின் ஏறு பெருநாடி அப்போது 5.5 சென்ரிமீற்றரைவிடச் சிறியதாகவே இருந்தது.

வரம்பை எட்டாதவர்களுக்கான சிகிச்சையில் முதலிடம் இரத்த அமுக்கத்துக்கு. மேல் அளவை 130க்குக் கீழே வைத்திருப்பதே குறி. தாங்கக்கூடியவர்களுக்கு இன்னும் குறைக்கலாம். பீற்றா தடுப்பு மருந்துகள் இருதயத் துடிப்பின் வேகத்தையும் உதையையும் குறைக்கின்றன. மார்பன் நோயாளர்களில் புரோப்ரனலோல் வேரின் விரிவை மெதுவாக்கியதை 1994இல் ஓர் ஆய்வு காட்டியது. லொசார்டனும் பயன்படுகிறது. இவையெல்லாம் இலங்கையின் அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கப்படும் சாதாரணக் குளிசைகள். கிராண்ட்பாஸ் போன்ற பகுதிகளில் கொழும்பு மாநகர சபையின் இலவச மருந்தகங்களிலும் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் சரியாகிவிட்டது என்று குளிசையை நிறுத்துவதுதான் இந்த நோயாளர்கள் செய்யக்கூடாத முதற்காரியம். குளிசை வேலை செய்வதால்தான் அளவு சரியாக இருக்கிறது. புகைத்தலை முற்றாக விடவேண்டும். சிறுநீர்க் கிருமிக்கும் வயிற்றோட்டத்துக்கும் பாமசிகளில் பலர் கேட்டு வாங்கும் சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகள் பெருநாடி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வீக்கம் உள்ளவர்கள் வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

உடல் உழைப்பைப் பற்றிய அறிவுரை, கிராண்ட்பாஸ், ஆமர் வீதி, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்குச் சுலபமானதல்ல. அங்கிருந்து பலர் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள். நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமை ஒருவர், மூச்சை அடக்கிக்கொண்டு 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றும் கணத்தில் இரத்த அமுக்கம் பன்மடங்காகிறது. பளுதூக்குவோரிடம் நேரடியாக அளந்தபோது மேல் அளவு 300ஐத் தாண்டியிருக்கிறது. வீக்கம் இல்லாதவரின் பெருநாடி அதைத் தாங்கும். வீக்கம் இருப்பவருக்கு அந்த ஒரு கணம் ஆபத்தானது. நடை, மெதுவான சைக்கிளோட்டம், கனமில்லாத வேலை எல்லாம் நல்லவை. மூச்சடக்கித் தூக்குவது, தள்ளுவது, முக்குவது கூடாது. மலச்சிக்கலுக்கு மருந்து எடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். நாட் சம்பளத்துக்கு மூட்டை தூக்குபவரிடம் “பாரம் தூக்காதீர்கள்” என்று கொப்பியில் எழுதிக் கொடுப்பதோடு சிகிச்சை முடிவதில்லை. முதலாளியிடம் காட்டி வேறு வேலை கேட்பதற்கான மருத்துவக் கடிதமும், வைத்தியசாலையின் சமூக சேவைப் பிரிவின் உதவியும் இங்கே மருந்தளவுக்கு முக்கியம்.

பெருநாடி கிழிவது பெரும்பாலும் உள்சவ்வில் தொடங்குகிறது. கீறல் வழியே இரத்தம் நடுப்படைக்குள் புகுந்து, சுவரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. பிரித்தானிய மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் 1760 ஒக்டோபரில் திடீரென இறந்தபோது, உடலைத் திறந்து பார்த்த வைத்தியர் பிராங்க் நிக்கல்ஸ் பெருநாடியில் இத்தகைய கிழிவைக் குறித்து வைத்தார். இந்த நிலையைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் அது ஒன்று. ஏறு பெருநாடி உட்பட்டால் அது ஏ வகை. இறங்கு பகுதியில் மட்டும் என்றால் பி வகை. 1970இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வகுத்த இந்தப் பிரிவுதான் இன்றும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ஏ வகையில் சிகிச்சையில்லாமல் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும், முதல் இரண்டு நாட்களில், நூற்றில் ஒருவர் அல்லது இருவரின் உயிரைக் கொண்டுபோகிறது. இரத்தம் இருதய உறைக்குள் கசிந்தோ, முடியுரு நாடி அடைபட்டோ, மூளைக்குப் போகும் நாடி அடைபட்டோ மரணம் வருகிறது.

வலி எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சிலோ இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலோ கிழிப்பதைப் போலத் தொடங்கி முதுகு, வயிறு என்று இடம் மாறிப் போகலாம். கூடவே ஒரு கை மரத்துப்போகலாம், பேச்சுக் குழறலாம், மயக்கம் வரலாம், ஒரு கால் குளிர்ந்துபோகலாம். மாரடைப்பின் வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் மெதுவாக ஏறும், நெஞ்சை அழுத்தும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. வாய்வுக் குத்து என்று தைலம் பூசிக்கொண்டு இருந்துவிடுவதும் நடக்கிறது. குழப்பத்தின் விலை பெரியது: மாரடைப்புக்குக் கொடுக்கப்படும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, கிழிந்த பெருநாடியில் உயிரைப் பறிக்கக்கூடும். ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம். அதனால் வலி தொடங்கிய விதத்தையும், அது இடம் மாறியதையும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்ததையும், முன்பு எக்கோவில் பெருநாடி விரிந்திருப்பதாகச் சொன்னதையும் வைத்தியரிடம் கூடவந்தவர்கள் கேட்காமலே சொல்லவேண்டும். இரண்டு கைகளிலும் பிரஷர் பார்ப்பதும், உடனே சாய ஊசியுடன் சி.டி. எடுப்பதும் விடையைத் தரும்.

கிராண்ட்பாஸிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை சில கிலோமீற்றர்தான். 1864 முதல் இயங்கிவரும் அந்தப் பெரியாஸ்பத்திரியில் இருதய நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையிலும், கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலும் இருதயச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் பக்கத்துப் பாமசிக்கும் பிறகு சிறிய கிளினிக்குக்கும் போய் இழக்கும் நேரம், நேரே வைத்தியசாலைக்குப் போனால் மிச்சமாகும்.

பி வகைக் கிழிவுக்கு முதல் சிகிச்சை மருந்துதான். ஊசி மூலம் பீற்றா தடுப்பு மருந்து ஏற்றி, துடிப்பை நிமிடத்துக்கு 60க்குக் கீழும் மேல் அமுக்கத்தை 100 முதல் 120க்குள்ளும் கொண்டுவருவார்கள். வலி தொடர்ந்தாலோ, சிறுநீரகம், குடல், கால் ஆகியவற்றுக்கு இரத்தம் போகாவிட்டாலோ உள்ளே ஸ்ரென்ட் குழாய் வைக்கப்படும். ஏ வகை நேரே சத்திரசிகிச்சை அறைக்குப் போகவேண்டியது.

அந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு மைக்கல் டிபேக்கியிடமிருந்து பிரிக்கமுடியாதது. அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் பணியாற்றிய அவர், 1950களின் தொடக்கத்தில் கடையில் டேக்ரன் துணி வாங்கி, மனைவியின் தையல் இயந்திரத்தில் தானே குழாய்களாகத் தைத்தார். இரத்தம் ஒழுகாமல், உடல் நிராகரிக்காமல், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செயற்கை நாடி அப்படித்தான் பிறந்தது. 1953இல் இறங்கு பெருநாடி வீக்கத்தை வெட்டியெடுத்தார். 1956இல் டென்ரன் கூலியும் அவரும் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு ஏறு பெருநாடியை மாற்றினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2005 டிசம்பர் 31ஆம் திகதி, 97 வயதில் வீட்டில் தனியாக இருந்த டிபேக்கிக்கு நெஞ்சில் அந்த வலி வந்தது. முதலில் மாரடைப்பு என்று நினைத்தவர், சில நிமிடங்களில் தன் பெருநாடியே கிழிந்திருக்கிறது என்று ஊகித்தார். சத்திரசிகிச்சைக்கு முதலில் சம்மதிக்கவில்லை. 2006 பெப்ரவரியில் நிலை மோசமானபோது, அவரிடம் பயின்ற ஜோர்ஜ் நூன் குழுவினர் ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்கள் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். நீண்டகாலம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து தேறி, 2008 ஜூலையில் 99 வயதில் இறந்தார். சிகிச்சையின் ஆற்றலுக்கும், உலகின் தலைசிறந்த நிபுணரையே முதலில் ஏமாற்றக்கூடிய அந்த வலிக்கும் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வால்வும் வேரும் சேர்ந்து கெட்டிருந்தால், 1968இல் இலண்டனில் ஹியூ பென்டல் அறிமுகப்படுத்திய முறையில், செயற்கை வால்வு பொருத்திய குழாயை வைத்து முடியுரு நாடிகளை அதில் தைப்பார்கள். உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுவதும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசையும், அதன் அளவைச் சரிபார்க்கும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையும் தேவை. விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு அது நீண்டநாள் தேவைப்படுவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம். வால்வு நல்ல நிலையில் இருந்தால், கனடாவின் ரிரோன் டேவிட் 1992இல் வெளியிட்ட முறைப்படி அதைக் காப்பாற்றிக்கொண்டு சுவரை மட்டும் மாற்றலாம். பிள்ளை பெறவிருக்கும் இளம் பெண்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் வார்பரின் கருவைப் பாதிக்கக்கூடியது.

வளைவை மாற்றும்போது மூளைக்குப் போகும் நாடிகளையே பிரித்துத் தைக்கவேண்டும். அதற்காக உடலைக் குளிர்வித்து இரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். முன்பு 18 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தார்கள். இப்போது மூளைக்கு மட்டும் தனியாக இரத்தம் செலுத்தும் முறை வந்திருப்பதால் அவ்வளவு குளிர் தேவைப்படுவதில்லை. இறங்கு பெருநாடியில் திறந்த சத்திரசிகிச்சையின் பெரிய ஆபத்து, முண்ணாணுக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழப்பது. முதுகுத் தண்டிலிருந்து நீரை வடித்து அமுக்கத்தைக் குறைப்பது அதைத் தடுக்க உதவுகிறது.

இதே ஆபத்தைக் குறைத்த இன்னொரு வழி, தொடை நாடி வழியாகத் துணி போர்த்திய ஸ்ரென்ட் குழாயைக் கொண்டுபோய் வீக்கத்துக்குள் விரித்துவைப்பது. 1987இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடஸ் இதை முதன்முதலில் நெஞ்சறைப் பெருநாடியில் செய்தார். 1994இல் ஸ்ரான்போர்ட்டின் மைக்கல் டேக் குழு வெளியிட்ட ஆய்வு இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. நெஞ்சைத் திறக்காமல், சில நாட்களில் வீடு திரும்பலாம். ஏறு பெருநாடிக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. கருவியின் விலை பல இலட்சம் ரூபாய். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளும் கருவிகளும் தட்டுப்பட்டதை நாடு மறக்கவில்லை. ஜனாதிபதி நிதியம் இருதயச் சிகிச்சைகளுக்கு உதவி வழங்குகிறது. விண்ணப்பத்துக்குக் காலம் எடுக்கும் என்பதால், அவசரமாகும் முன்பே தொடங்கவேண்டும்.

திட்டமிட்டுச் செய்யும் ஏறு பெருநாடிச் சத்திரசிகிச்சையில், அனுபவமுள்ள நிலையங்களில், இறப்பு நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. கிழிந்த பிறகு அவசரமாகச் செய்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

இதனால்தான் ஒருவருக்கு வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் பெற்றோர், சகோதரர்கள், பிள்ளைகள் அனைவரும் குறைந்தது ஓர் எக்கோ எடுத்துப் பார்க்கவேண்டும். மரபணுக் கோளாறு அடையாளம் காணப்பட்ட குடும்பத்தில் இரத்தப் பரிசோதனை போதும். கோளாறு இல்லாதவர்கள் மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. மார்பன் நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பெருநாடியை அளந்துகொள்ளவேண்டும். 4.5 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், முதலில் சத்திரசிகிச்சை செய்துவிட்டுப் பிறகு பிள்ளைபெறுவதே பாதுகாப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னுள்ள வாரங்களிலும் கிழியும் ஆபத்து அதிகம்.

குழாய் பொருத்தியவர்களும் கண்காணிப்பிலிருந்து விடுபடுவதில்லை. மாற்றப்படாத பகுதி பின்னாளில் விரியலாம். ஸ்ரென்ட் குழாயின் ஓரத்தால் இரத்தம் வீக்கத்துக்குள் கசியலாம். ஸ்ரென்ட் வைத்தவர்களுக்கு முதல் மாதத்திலும் ஓராண்டிலும் சி.டி. எடுத்து, பிறகு ஆண்டுதோறும் பார்ப்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லி, கிருமி எதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே எடுக்கவேண்டும். நெஞ்செலும்பு பொருந்த ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்புகிறார்கள். பாரமான வேலை செய்தவர்களுக்கு மட்டும் என்ன வேலை, எவ்வளவு பாரம் என்பதைக் கிளினிக்கில் தனியாகப் பேசித் தீர்மானிக்கிறார்கள்.